கையெழுத்துக்கு முன் பத்து நாள்: புதுச்சேரி தொழிலாளர் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் என நம் தொழிற்பேட்டைகளில் ஆள் குறைக்கும்போது தொழிலாளியின் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. ஹெச்.ஆர். அறையில் அதற்குப் பெயர் செட்டில்மென்ட். தொழிலாளிகள் சொல்வது கணக்கு முடிக்கிற பேப்பர். இரண்டு மூன்று பக்கம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப். ஸ்டாம்பின் மேல் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி. "இன்று சாயங்காலத்துக்குள் போட்டால் இன்றே செக். நாளைக்கு என்றால் எங்கள் கையில் இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லப்படும். பதினைந்து வருட உழைப்பின் கணக்கு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாள் கைக்கு வந்த நாளுக்கும் கையெழுத்துப் போடும் நாளுக்கும் நடுவே பத்து நாள் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் நிர்வாகத்தைச் சேராத ஒருவர் அதைத் தொழிலாளிக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். ஏன் இது அவசரம் என்பதை, அந்தத் தாளையே வரிவரியாகப் பிரித்து விளக்குகிறோம். இந்த மடலைத் தொழிற்சங்கச் செயலாளர்களும் தொழிலாளர்களும் படிப்பார்கள் என்பதால், அவர்களுக்குப் பயன்படும்படியே எழுதியிருக்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டிய வரி, பெரும்பாலும் முதல் பத்தியிலேயே இருக்கும். "நான் என் சொந்தக் காரணங்களுக்காக, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் விருப்பப்படி பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." பார்வைக்குச் சடங்கு வாசகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்பு ராஜினாமாவாக மாறுவது இந்த ஒரு வரியில்தான். தானாக விலகுவதும் விருப்ப ஓய்வும் ஆட்குறைப்பு ஆகாது என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலும் உண்டு; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் உண்டு. ராஜினாமா என்று ஆகிவிட்டால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கேட்க முடியாது. வருடத்துக்கு 15 நாள் ஊதியம் என்ற இழப்பீடு போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற விதியும், ஓராண்டுக்குள் அதே ஆலை ஆள் எடுத்தால் பழைய ஆளுக்கே முன்னுரிமை என்ற விதியும் இவருக்குப் பொருந்தாமல் போகும். புதிய சட்டத் தொகுப்பின் 83-ஆம் பிரிவுப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை நிர்வாகம் மறுதிறன் நிதிக்கு (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் நிதி) செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதுவும் வராது.

இ.எஸ்.ஐ.யில் நேரும் இழப்பைப் பலர் கடைசிவரை அறிவதே இல்லை. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போன காப்பீட்டாளருக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்பங்கு. தானாக விலகியவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அது கிடையாது. பி.எஃப். பக்கம் பார்த்தால், விலகிய நாளையும் காரணத்தையும் யூஏஎன் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) கணக்கில் நிர்வாகம் பதிவிடுகிறது. ஐந்தாண்டு சர்வீஸ் முடியாதவர் பி.எஃப். பணத்தை எடுக்கும்போது, தன் கையை மீறிய காரணத்தால் வேலை போயிற்று என்றால் வரி இல்லை. ராஜினாமா என்றால் வரி உண்டு. இத்தனையும் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன. அதை அடித்துவிட்டு "நிர்வாகத்தின் ஆட்குறைப்பு முடிவின் காரணமாக" என்று எழுதச் சொல்ல வேண்டும். நிர்வாகம் மறுத்தால், எதை மறைக்க அந்த வரி எழுதப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தொகை. மொத்தமாக ஒரே எண் போட்டு, 'அனைத்தும் உட்பட' என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கணக்குக் கேட்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு தருகிறோம். சர்வீஸ் 11 வருடம் 8 மாதம். மாத மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை 14,000. பழைய பழக்கத்தில் நிர்வாகம் 10,000-ஐ வைத்தே எல்லாம் கணக்கிடும். புதிய சட்டத் தொகுப்புகளில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர வேண்டும். 24,000-ல் பாதி 12,000. படிகள் 14,000 என்பதால் 2,000 தாண்டுகிறது. ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டிய ஊதியம் 12,000.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) மாதத்தை 26 நாளாகப் பிரித்து 15 நாளுக்குக் கணக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டுக் காலம் முழு வருடமாகும். எனவே இங்கே 12 வருடம். 12,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்கினால் 83,077 ரூபாய். 10,000-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் 69,231-தான் வந்திருக்கும். ஒரே இடத்தில் 13,846 ரூபாய் குறைகிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டில் இந்த 26 நாள் கணக்கு பொருந்தாது. அங்கே அரை மாதச் சம்பளம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியிருக்கிறது. சில சங்கத் தோழர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டு, பேச்சுவார்த்தை மேசையில் தேவையில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே இழப்பீடு 6,000 பெருக்கல் 12, அதாவது 72,000. நோட்டீஸ் கொடுக்காததற்கு ஒரு மாத ஊதியம் 12,000. மூன்றும் சேர்ந்து 1,67,077 ரூபாய்.

இந்தத் தொழிலாளியிடம் "ஒன்றே முக்கால் லட்சம் தருகிறோம், கம்பெனி நல்ல மனசோடு தருகிறது" என்று சொல்லப்படும். தாளில் எக்ஸ்கிரேஷியா, அதாவது கடமை இல்லாமல் கருணையாகத் தரும் பணம், என்று இருக்கும். சட்டப்படி தர வேண்டியது போக மிச்சம் 7,923 ரூபாய். அந்த மிச்சத்துக்குள் கடைசி மாதச் சம்பளம் 24,000, சேர்த்துவைத்த லீவுக்கான பணம், விகிதப்படி போனஸ், நிலுவை அரியர்ஸ் எல்லாம் அடங்கிவிட்டதாக 'அனைத்தும் உட்பட' என்ற சொல் சொல்கிறது. கடைசி மாதச் சம்பளமே அந்த மிச்சத்தைப் போல மூன்று மடங்கு. சட்டம் தரச் சொன்ன பணத்திலேயே குறைத்துக்கொண்டு, குறைத்த கையாலேயே நன்றிக் கடிதமும் வாங்கிக்கொள்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

தொகையைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதச் சொல்வதற்கு வருமான வரியும் ஒரு காரணம். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை விலக்கு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குச் சட்டப்படியான தொகைக்கு உட்பட்டு 5 லட்சம் வரை விலக்கு. விதிகளுக்குப் பொருந்திய வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) திட்டம் என்றால் அதற்கும் 5 லட்சம் வரை. எக்ஸ்கிரேஷியா என்று மொட்டையாக எழுதிய பணத்துக்கு இந்த விலக்குகளைக் கேட்டு நிற்பது கடினம்.

மூன்றாவதாக ஒரு வினைச்சொல். "மேற்படி தொகையை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று தாளில் இருக்கும். பணம் இன்னும் வந்திருக்காது. செக்கின் தேதி அடுத்த மாதமாக இருக்கும். 'பெற்றுக்கொண்டேன்' என்பது ரசீது. 'பெற்றுக்கொள்ள இருக்கிறேன்' என்பது நிர்வாகம் தந்த வாக்குறுதிக்குச் சாட்சி. பணம் கணக்கில் ஏறும்வரை முதல் சொல்லுக்குக் கையெழுத்து போடக்கூடாது. செக்தான் என்றால் அதன் எண், வங்கி, தேதி மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்; செக் மாறி ரொக்கமான பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்ற ஒரு வரியும் வேண்டும். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். திரும்பி வந்தால், வங்கி அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். இந்தக் கெடு தவறித்தான் பல வழக்குகள் வீணாகின்றன. சம்பள நிலுவைக்குத் தவணையே பேசத் தேவையில்லை. வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. கிராஜுவிட்டி 30 நாளுக்குள், தாண்டினால் வட்டி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "இனி எக்காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி பி.எஃப்.பையும் கிராஜுவிட்டியையும் விழுங்க முடியாது, ஆனாலும் "பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ. பலன்கள், நிலுவையில் உள்ள விபத்து இழப்பீடு நீங்கலாக" என்று கையால் சேர்த்து, இருதரப்பும் அதன் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுவிட்டால் பின்னால் வம்பு இல்லை. இதே தொழிலில் வேறு கம்பெனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை, வேலை முடிந்த பிறகு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. "தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்ற வரி, உண்மையிலேயே படித்துக் காட்டியிருந்தால் மட்டும் இருக்கட்டும். ஸ்டாம்ப் ஒட்டிய வெறும் தாளில், தேதி இல்லாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் கையில் இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்து போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது வேறு. மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாதுதான். ஆனால் மிரட்டியதை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. பணத்தையும் வாங்கிக்கொண்டு எட்டு மாதம் பேசாமல் இருந்தால், அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு லேபர் கோர்ட்டில் பதில் இருக்காது. எனவே இரண்டு மூன்று நாளுக்குள், என்ன சொல்லி, எந்த அறையில், யார் யார் இருக்கையில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை எழுதி, நிர்வாகத்துக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, சமரச அதிகாரிக்கும் (தொழில் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அரசு அதிகாரி) நகல் வைக்க வேண்டும். சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாளில் முடிவு வராவிட்டால் தனிநபரே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு இதற்கு மூன்று வருடம் இருந்தது; இப்போது இரண்டு வருடம்தான்.

ஆணையர் அவர்களே, இதில் தங்கள் துறைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில்தான் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்று இப்போது ஆகிவிட்டது. முன்பு அந்த வரம்பு 100. இடைப்பட்ட ஆலைகளில் தொழிலாளிக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே இருந்த அரசின் கை விலகிவிட்டது. அந்தத் தாள் மட்டும்தான் மிச்சம். அதைப் படிக்கக் கால அவகாசமும் இல்லை என்றால் தொழிலாளிக்கு வேறு என்ன இருக்கிறது?

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவு, தனிப்பட்ட ஆலோசகர் ஒருவர் விளக்கிச் சொல்லாத செட்டில்மென்ட் தொழிலாளியின் சட்ட உரிமையைப் பறிக்க முடியாது என்கிறது. அந்த ஆலோசகர் நிர்வாகத்தின் ஆளாக இருக்கக்கூடாது. அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தவறான ஆலோசனைக்கு ஈடுகட்டும் காப்பீடும் இருக்க வேண்டும். படித்து யோசிக்கக் குறைந்தது 10 நாள் தரச் சொல்கிறது அங்குள்ள நடைமுறை நெறி. பிரான்சின் வழக்கம் நம் ஊருக்கு இன்னும் பக்கம். உறவினர் அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் புதுச்சேரியில் எத்தனையோ. 2008 முதல் அங்கே இருதரப்பும் ஒத்துக்கொண்டு வேலையை முடிக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்து போட்ட பிறகும் 15 நாளுக்குள் மனம் மாறலாம். அதன்பின் தொழிலாளர் நிர்வாகம் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும். 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து, அன்றைய பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த ஊர் இது. பத்து நாள் அவகாசம் இந்த ஊருக்குப் பெரிய கோரிக்கை இல்லை.

அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் வாதம். ஆட்குறைப்பு என்றால் அரசுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 70-ஆம் பிரிவு சொல்கிறது. அறிவிப்பு வந்த உடனே, ஒவ்வொரு தொழிலாளிக்கும் தலைப்பு வாரியான கணக்குத் தாளைத் தமிழில் கொடுத்து, நகலை அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லித் தங்கள் துறை கடிதம் எழுதலாம். சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணால் 12(3) என்று அழைக்கப்படும் ஒப்பந்தம், அங்கே வராத தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் தனியே போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். சட்டத்தில் எண்கள் மாறினாலும் வாய்ப்பேச்சில் இவை இப்படித்தான் இருக்கின்றன. இரண்டாவது வகையின் நகலும் தங்களிடம் வருகிறது. வந்ததைக் கோப்பில் போடும் முன், தாள் கொடுத்த தேதியையும் கையெழுத்தான தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நாள் என்றால் தொழிலாளியைக் கூப்பிட்டு, ஹெச்.ஆர். ஆள் அறையில் இல்லாமல், தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் 'சொந்தக் காரணத்தால்' ராஜினாமா செய்திருந்தால், அந்தக் காரணம் யாருடைய சொந்தம் என்று விசாரிக்க அதிகாரி ஒருவரை அனுப்புங்கள்.

படித்துச் சொல்ல ஆள் எங்கே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவிக்கு உரியோர் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். வருமான வரம்பு அவருக்குத் தடையில்லை. இதை அறிந்த தொழிலாளிகள் மிகச் சிலரே. 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தோடு பேசி, வாரத்தில் ஒரு நாள், மாலை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, ஒரு வழக்கறிஞரைத் தங்கள் அலுவலகத்தில் உட்கார வைத்தால் போதும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கால்குலேட்டர்.

கடலூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ரெட்டிச்சாவடியிலும் கடலூர் முதுநகரிலும் குடியிருந்து கிருமாம்பாக்கம் பேட்டையில் வேலை செய்பவர்கள், வேலை போனதும் கடலூர் லேபர் ஆபீசில் மனு கொடுக்கிறார்கள். வேலை நடந்த இடம் புதுச்சேரி என்பதால் அங்கே எடுக்க மாட்டார்கள். சில வாரம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். கடலூர் சிப்காட்டில் வேலை செய்யும் பாகூர்க்காரர் அதையே எதிர்த் திசையில் செய்கிறார். முதல் மனு கொடுத்த தேதியையே மதித்து, இரு அலுவலகங்களும் கோப்பைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்து தர வேண்டுகிறோம்.

தலைப்பு வாரியான கணக்குப் படிவம் ஒன்றைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள், தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறோம். சர்வீஸ், ஊதியம், கிராஜுவிட்டி, இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், லீவு, போனஸ், நிலுவை, செக் விவரம், தாள் கொடுத்த தேதி, கையெழுத்துத் தேதி என்று பதினோரு கட்டங்கள். திருத்தம் இருந்தால் திருத்தி, தங்கள் அலுவலக முத்திரையோடு தொழிற்பேட்டை அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கு முடிப்புப் பத்திரங்களைத் தொழிலாளர்களுக்குப் படித்துச் சொல்லிவரும் தோழர்கள்,
புதுச்சேரி